வலது காலை எடுத்து வைத்து

இடது காலைத்தான் வைத்தாள். சந்தேகமே இல்லை. காலேஜ் கூடத்து வாசலில் இரண்டு படி. வலது காலை எடுத்து வைத்து ஏற வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வந்தாள், காலையில் அம்மாவும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள், ஆனால் படிக்கு முன்னால் வந்து நின்றதும் காலுக்குச் சொந்தப் புத்தி வந்துவிட்டது. இடது கால் முந்திக்கொண்டு ஏறியது, வலது கால் பின்னாலேயே பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டது. வெளியே போய் மறுபடி ஏறி வந்தால் கணக்கில் சேருமா? சேராது. ஏறியது ஏறியதுதான். இசக்கியம்மாள் சுவரோரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால்கள்தான், ஆனால் இப்போது பார்த்தால் யாரிடமோ இரவல் வாங்கி வந்தவை மாதிரி இருந்தன. இடுப்பெலும்பு மேட்டில் ஒன்று, முட்டியின் வெளிப்பக்கம் ஒன்று, கணுக்கால் கரண்டையில் ஒன்று என்று இரண்டு பக்கமும் பளபளவென்று உருண்டைப் பொட்டுகள் ஒட்டியிருந்தார்கள். விளக்கு வெளிச்சம் பட்டால் அவை மட்டும் மினுங்கின. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் கால் மறைந்துபோய்ப் பொட்டுகள் மட்டும் நின்றன, ராத்திரி பஸ்ஸிலிருந்து பார்க்கிற தூரத்து ஊரின் விளக்குகள் மாதிரி. இடுப்பு ஒரு ஊர், முட்டி ஒரு ஊர், கரண்டை ஒரு ஊர். நடுவில் இருட்டு. அந்த நடு ஊரில்தான் பிரச்சினை. வலது பக்கத்து நடு ஊர்.

இந்தக் காலேஜில் வாலிபால் டீமுக்குப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். நேற்று ஆடவிட்டுப் பார்த்தார்கள், அதில் தேறிவிட்டாள். இன்றைக்குக் குதிக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இதிலும் தேறினால் ஹாஸ்டல், சாப்பாடு, மூன்று வருஷம் படிப்பு, முதுகில் பெயர் போட்ட பனியன். தேறாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். அவ்வளவுதான் விஷயம், இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி அவளைக் கைவிட்டது, அவளும் கெமிஸ்ட்ரியைக் கைவிட்டாள், அப்புறம் எழுதித் தேறினாள், ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு எந்தக் காலேஜ் வாசலிலும் நிற்க முடியாது. குதித்தால்தான் உண்டு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் என்றால் சாயங்காலம் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாள். முட்டி இரண்டும் மடங்கினது மடங்கினபடியே கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாகத் திறக்கும், துருப்பிடித்த கேட் மாதிரி. கேட்டைத் திறக்கிற சத்தம்கூட வரும். அந்தச் சத்தம் இசக்கிக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றால் வெறுப்பு இல்லை, பயம். அந்தச் சத்தம் தனக்காகவும் எங்கேயோ தயாராகிக்கொண்டிருக்கிறது என்கிற பயம்.

கூடத்தின் நடுவில் பலகை மேடை ஒன்று. ஒரு படி உயரம்தான். அதற்குள் இரண்டு இரும்புத் தட்டுகளைப் பதித்திருந்தார்கள், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. ஏறி நின்றால் பக்கத்து மேசையில் இருக்கிற கம்ப்யூட்டரில் இரண்டு கோடு ஓடும். அந்த மேசையில் இருந்தவள் ஜெர்லின் அக்கா. நாகர்கோவில் பக்கம், யாரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவாள், இங்கே ஆராய்ச்சி படிக்கிறவள். கால் அசைவதைக் கேமரா பிடிப்பதற்காகப் பொட்டுகளை ஒட்டிவிட்டதும் அவள்தான். ஒட்டும்போது கை சில்லென்று இருந்தது. வலது முட்டியை அமுக்கிப் பார்த்துப் பொட்டுக்கு இடம் தேடியபோது இசக்கிக்கு மூச்சு நின்றது, கையில் ஏதாவது தட்டுப்பட்டுவிடுமோ என்று. ஒன்றும் தட்டுப்படவில்லை. "நல்ல முட்டி மக்களே," என்றாள் ஜெர்லின் அக்கா, பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தவள் மாதிரி. நல்ல முட்டி. அந்த வார்த்தை அவளுக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. நல்ல முட்டி, நல்ல முட்டி. மேலே ஃபேன்கூட அதையே சொல்லிக்கொண்டு சுற்றியது.

இப்போது மேடையில் நிற்பது சந்தனமாரி. ஒரே ஸ்கூல், ஒரே டீம், அவள் பந்தைத் தூக்கிப் போடுகிறவள், இசக்கி எகிறி அடிக்கிறவள். சந்தனமாரிக்கு எதற்கும் பயம் கிடையாது, எதற்கும் வெட்கமும் கிடையாது. "அக்கா, இதுல நின்னா எடையும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றாள் ஜெர்லின் அக்கா. "அப்பம் அத மட்டும் சத்தமாச் சொல்லிராதீய. காலையில எட்டு இட்லி." ஜெர்லின் அக்கா சிரித்துக்கொண்டே, "கைய இடுப்புல வைக்கணும் மக்களே, எடுக்கக் கூடாது. காலு மட்டும்தான் குதிக்கணும்," என்றாள். "கைய இடுப்புல வச்சா எங்க அம்மா சண்டைக்கி நிக்கிற மாதிரில்லா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே சந்தனமாரி கையை வைத்தாள், குனிந்தாள், குதித்தாள். டொப். ஒரே சத்தம். இரண்டு காலும் ஒன்றாக வந்து விழுந்த சத்தம். அந்தச் சத்தம் எவ்வளவு சாதாரணமாக இருந்தது! அதைக் கேட்கக் கேட்க இசக்கிக்குப் பொறாமையாக இருந்தது. அவள் விழுந்தால் அப்படிக் கேட்காது. ட-டொப் என்று கேட்கும். முதலில் இடது கால், அதற்கு ஒரு கண்ணிமைப்பு கழித்து வலது கால், கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்துவிட்டுப் பந்தியில் ஓரமாக உட்கார்கிறவன் மாதிரி. அந்த ஒரு கண்ணிமைப்பில்தான் அவள் இத்தனை மாதமாக ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததற்குக் காரணத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும். படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் இறங்குகிறதோ அது சும்மா தொங்குகிற கால். மேலே நின்று மடங்கி மொத்த உடம்பையும் தாங்கி இறக்குவது மற்ற கால். அதனால் அவள் இறங்கும்போதெல்லாம் வலது கால் முதலில் போனது, இடது முட்டி மடங்கி வேலை பார்த்தது. பஸ்ஸில் இறங்கினால் வலது கால், வீட்டு வாசலில் இறங்கினால் வலது கால். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். "நம்ம இசக்கிக்கிப் பொறுப்பு வந்துட்டு, வலது கால எடுத்து வச்சுல்லா வெளிய போறா," என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். சந்தனமாரி, "என்னட்டி, இப்பமே மருமகளா நடந்து பழகுதியா?" என்றாள். நொண்டுகிற காலை நல்ல சகுனம் என்று ஊரே எடுத்துக்கொண்டால் அவள் ஏன் மறுக்க வேண்டும்? ஏறும்போதுதான் சிக்கல். ஏறும்போது தூக்குகிற கால்தான் முதலில் போகும், அது இடது. இடது காலை வைத்து ஏறாதே என்று அம்மா திட்டுவாள், மறந்துபோச்சு என்று இவள் சொல்லிவிடுவாள். வலது காலை வைத்து ஏற வேண்டும், வலது காலை வைத்து ஏற வேண்டும். இன்றைக்கும் இடதைத்தான் வைத்தாள். மறுபடியும் அங்கேயே வந்துவிட்டாள் பாருங்கள், கட்டின மாடு மாதிரி, கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நினைப்பும் போகிறது, அப்புறம் அந்தப் படிக்கே திரும்புகிறது.

படிக்குப் பின்னால் போன சீசன் மேட்ச் ஒன்று இருக்கிறது. கரிசல் தரை, தண்ணீர் தெளித்து அமுக்கின மைதானம், சாயங்கால வெயில் வலையின் கண்ணிகளில் நுழைந்து தரையெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. சந்தனமாரி பந்தைத் தூக்கிப் போட்டாள். அவ்வளவு அழகாக ஒரு பந்து அதற்கு முன்னால் வந்ததே இல்லை. சுற்றாமல், ஆடாமல், மேலே போய் அங்கேயே நின்றது, வா என்றது. இசக்கி எகிறினாள். மேலே போனபோது எதிர் டீம்காரியின் உச்சந்தலை வகிடு தெரிந்தது, வகிட்டில் வியர்வை தெரிந்தது, அதற்கும் அப்பால் சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ தட்டைமுறுக்கு தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அடித்தாள். பந்து போனது. அதற்குப் பிறகு கீழே வருவது ஒன்றுதான் பாக்கி, அதற்குப் போய் யாராவது யோசிப்பார்களா? வலைக்கு அடியில் அந்தப் பெண்ணின் ஷூ கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. இசக்கியின் வலது கால் தரை என்று நினைத்து அதன் மேல் இறங்கியது. கால் ஒரு பக்கம் போனது, முட்டி உள்பக்கம் சாய்ந்தது, பளுக் என்று ஒரு சத்தம், ஈரக் கொட்டாங்கச்சியை மிதித்த மாதிரி. வலி அப்புறம்தான் வந்தது. சத்தம்தான் முதலில். அவள் பயப்படுவதும் சத்தத்துக்குத்தான். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் போட்டுக் கட்டுக் கட்டினார்கள், அப்புறம் டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள், முட்டிக்குள் இருக்கிற நார் அறுந்துபோகவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார்கள், அப்புறம் அதுவும் ஆறிவிட்டது என்றார்கள். ஆறிவிட்டது. ஆறினது முட்டிக்குத் தெரியும். முட்டிக்கு மேலே இருக்கிற இசக்கிக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கூட்டி வந்த பி.டி. டீச்சர் பொன்னுத்தாய் இப்போது வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடிபட்டுச்சான்னு கேட்டா இல்லன்னு சொல்லிரு. ஆறுன புண்ண எதுக்கு அவுத்துக் காட்டணும்? அடிபட்ட பிள்ளைய எவன் எடுப்பான்?" இசக்கி தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம். ஸ்கூல் சுவரில் சாக்பீஸ் பொடியை விரலில் தொட்டுக் குதித்துக் கோடு போடுவார்கள், அதில் இசக்கியின் கோடு அடிபட்டதற்கு அப்புறமும் இறங்கவில்லை. சுவருக்கு உயரம் மட்டும்தான் தெரியும். எந்தக் கால் தூக்கியது, எந்தக் கால் சும்மா கூட வந்தது என்று சுவர் கேட்காது. கையை வீசி, உடம்பை முறுக்கி, இடது காலாலேயே தள்ளி மேலே போய்விடலாம். இங்கே கையைக் கட்டிவிட்டார்கள். காலுக்கு ஒரு தட்டு வைத்துவிட்டார்கள். இந்தத் தட்டுகளிடம் பொய் சொல்ல முடியுமா? தட்டுகளிடம் வாயால் பேச முடியாதே, கால்தான் பேச வேண்டும், அவளுடைய காலுக்கோ பொய் சொல்லத் தெரியவில்லை.

"இங்க வா மக்களே, உன் கூட்டுக்காரி குதிச்சதப் பாரு," என்று ஜெர்லின் அக்கா கூப்பிட்டாள். திரையில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, அக்காள் தங்கை தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து போகிற மாதிரி போயின. "இதப் பாத்தியா, மேல போறதுக்கு முன்னால கோடு கீழ எறங்குது. அந்த நேரம் அவ எடை கொறஞ்சு நிக்கா." சந்தனமாரி, "எட்டு இட்லி தின்னும் கொறயுதா?" என்றாள். "தின்னாலும் கொறையும். குனியும்போது நீ உன்னையே கீழ விடுத. விழுந்தாத்தான் எழும்ப முடியும். விழாம குதிக்கது நடக்காது." பிறகு கோடு ஓங்கி மேலே போனது, சட்டென்று தரையோடு தரையாகப் படுத்தது. அந்தப் படுத்த இடத்தை ஜெர்லின் அக்கா பேனாவால் காட்டினாள். "இங்க அவ ஆகாசத்துல. தட்டுக்கு அவ இல்லவே இல்ல." இசக்கி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லவே இல்லை. எடையும் இல்லை, காலும் இல்லை, வலதும் இடதும் இல்லை. அவளுக்குக் கனவில் அது அடிக்கடி வரும். எகிறிவிட்டுக் கீழே வராமல் அப்படியே நிற்கிற கனவு. கீழே மைதானம், அதற்கப்பால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸின் தகரக் கூரை, எல்லாம் மெதுவாக நகரும், அம்மா வெளியே வந்து நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள், சாப்பிட வா என்பாள், வருகிறேன் என்பாள் இவள், ஆனால் எப்படி இறங்குவது என்று தெரியாது. இறங்கத் தெரியாததால்தான் பறக்கிறாள். அதைக் கனவு என்று சொல்வதா, நோய் என்று சொல்வதா?

"மூணு எடத்துல தொறக்கணும்," என்று ஜெர்லின் அக்கா அதற்குள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். "முதல்ல இடுப்பு, பெறகு முட்டி, கடைசியா கணுக்கால். மூணும் ஒண்ணாத் தொறந்தா மேல போகாது. ஒண்ணு கையிலேருந்து ஒண்ணு வாங்கணும்." இசக்கிக்குத் தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது. லாரி வந்தால் தெருப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு குடத்தைக் கை மாற்றிக் கை மாற்றி வீடு வரைக்கும் கொண்டுபோவார்கள். இடுப்பு என்பவள் பெரிய ஆள், நிறைகுடத்தை அனாயாசமாகத் தூக்கித் தருவாள். கரண்டை என்பவள் கடைசியில் நிற்கிற சின்னப்பிள்ளை, சொடக்குப் போடுகிற நேரத்தில் வாங்கி உள்ளே வைத்துவிடுவாள். நடுவில் முட்டி. நடுவில் நிற்கிறவள் கையை நீட்டத் தயங்கினால் குடம் தெருவில்தான் விழும். வலது பக்கத்து வரிசையில் நடுவில் நிற்கிறவள் ஒரு தடவை குடம் விழுந்து கால் நசுங்கினவள். அதற்கப்புறம் கையை நீட்டுகிறாள், நீட்டாமல் இல்லை, ஆனால் நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"இசக்கியம்மாள்." பெயரைக் கூப்பிட்டாயிற்று. மேடையில் ஏறினாள், இடது காலைத்தான் வைத்து. தட்டுகள் குளிர்ந்திருந்தன. கையை இடுப்பில் வைத்தாள். கை இல்லாமல் குதிப்பது சட்டை இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. குனிந்தாள், குதித்தாள், விழுந்தாள். ட-டொப். கூடம் முழுக்க அந்தச் சத்தம் சுவர் சுவராகப் போய்த் திரும்பி வந்தது. ஜெர்லின் அக்கா திரையைப் பார்த்தாள், காதோரத்து முடியை ஒதுக்கினாள், "இன்னொண்ணு," என்றாள். இந்தத் தடவை பார், வலது காலை முதலில் ஊன்றிக் காட்டுகிறேன் என்று இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள். குதித்தாள். மேலே இருக்கும்போதே வலது காலை நீட்டி வைத்துக்கொண்டாள், கம்பை ஊன்றுகிற மாதிரி. நீட்டின கால் எப்படி இறங்கும்? குத்தியது. உடம்பு முன்னால் சரிந்தது, இரண்டடி ஓடிப்போய் மேடையை விட்டுக் கீழே குதித்து நின்றாள். கீழே குதித்ததும் இடது காலில்தான். "இது கணக்குல வராது மக்களே," என்றாள் ஜெர்லின் அக்கா. அவள் குரல் மாறியிருந்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இவள் முகத்தைப் பார்த்தாள். "ஒரு காரியம் கேக்கட்டா? அடி ஏதாம் பட்டிருக்கா?"

இல்லை. மூன்றெழுத்துகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பொன்னுத்தாய் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், அவளுடைய இருமல்கூடக் கேட்கிறது. சந்தனமாரி நாற்காலியில் உட்கார்ந்து தன் முட்டியிலிருந்து பொட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் பிய்ப்பதை நிறுத்திவிட்டாள். தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் இசக்கிக்கு ஒன்று விளங்கியது. அந்த மேட்சுக்கு அப்புறம் சந்தனமாரி ஒரு தடவைகூட அந்த உயரத்துக்குப் பந்தைப் போடவில்லை. தாழ்வாகவே போடுகிறாள். எகிறாமல் அடிக்கிற உயரத்துக்கு, வலிக்காத உயரத்துக்கு. காற்று, வெயில், கை வழுக்கிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். மருமகளா நடந்து பழகுதியா என்று கேட்டவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கேலி செய்திருக்கிறாள், வேறு யாரும் காலைப் பார்க்காமல் கேலியைப் பார்க்கட்டும் என்று. இசக்கிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் கோபம்தான் முதலில். தன்னைச் சுற்றி எல்லாரும் பஞ்சை வைத்து அடைத்திருக்கிறார்கள், கண்ணாடிச் சாமானைச் சுற்றி அடைக்கிற மாதிரி. "குதிச்சிட்டுச் சொல்லுதேன் அக்கா," என்றாள். ஜெர்லின் அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "வலி இருந்தாக் குதிக்காத." வலி இல்லை என்றாள். அது உண்மைதான். அன்றைக்கு முழுக்க அவள் அந்த முட்டியைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது.

மறுபடி ஏறினாள். எந்தக் காலை வைத்தாள் என்று பார்க்கவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே வெள்ளைச் சுவர். வெளியே யாரோ குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் நிறைய நிறைய மாறிக்கொண்டே வந்தது, முதலில் தகரம், அப்புறம் தொண்டை, அப்புறம் தண்ணீர். விழுந்தால்தான் எழும்ப முடியும். அவள் இத்தனை நாளும் இறங்குவதற்குத்தான் பயந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. அதற்கும் முன்னாலேயே, குனிகிற அந்த முதல் நொடியிலேயே, தன்னைக் கீழே விடமாட்டேன் என்று வலது கால் பிடித்துக்கொள்கிறது. அங்கே பிடித்தால் எல்லா இடத்திலும் பிடிக்கும். விடணும். எப்படி விடுவது? அம்மா ஒரு தடவை குதித்தாள். எங்கிருந்து வந்தது இந்த நினைப்பு, இத்தனை வருஷமாக எங்கே கிடந்தது? ஆடிக் காற்றில் கொடியில் கிடந்த பச்சை நைலான் சேலை பறந்துபோய்ப் பக்கத்துக் காம்பவுண்டு கம்பியில் மாட்டிக்கொண்டது. அம்மா ஓடினாள், கட்டியிருந்த சேலையை இடுப்பில் சொருகினாள், கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்தாள், யாருமில்லை, வாசலில் சின்ன இசக்கி மட்டும். குனிந்தாள், முட்டி மடங்கியது, ஒரு யோசனையும் இல்லாமல் அப்படியே தன்னைக் கீழே விட்டாள், அப்புறம் எகிறினாள். இடுப்பு திறந்தது, முட்டி திறந்தது, கரண்டை திறந்தது, கொலுசு ஒரு தடவை சிலுங்கென்றது. சேலை கைக்கு வந்தது. வந்து நின்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், யாருக்கும் சொல்லாதே என்பது போல இவளைப் பார்த்து. அவ்வளவு லேசாக இருந்தாள். அந்த முட்டிகள்தானே இப்போது கேட் மாதிரி திறக்கின்றன. அந்த முட்டிகள்தானே. இசக்கி கண்ணை மூடவில்லை. விட்டாள். தன்னைக் கீழே விட்டாள், வயிறு லேசாகிற வரைக்கும், குடம் நிறைந்து வருகிற வரைக்கும், பெரியவள் தூக்கித் தந்தாள், நடுவில் நின்றவள் இந்தத் தடவை கையை நீட்டினாள், கடைசிப் பிள்ளை சொடக்குப் போட்டாள், தட்டு காலை விட்டுப் போனது. இப்போது அவள் இல்லவே இல்லை. சுவர் கொஞ்சம் கீழே இறங்கியது. ஃபேன் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தாள், அது ரொம்பக் கொஞ்ச நேரம், ஆனால் தகரக் கூரையும் ரோடும் நெற்றியில் கை வைத்த அம்மாவும் அதற்குள் வந்து போனார்கள். சாப்பிட வா என்றாள் அம்மா. வருதேன் என்றாள் இவள். இறங்கத் தெரியாதே என்கிற நினைப்பு வழக்கம்போல வந்தது, வந்த நேரத்துக்குத் தரையும் வந்துவிட்டது.

டொப்.

ஒரே சத்தம். பளுக் என்று ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள், வரவில்லை. முட்டிகள் இரண்டும் மடங்கிக்கொண்டு அவளை வாங்கி வைத்திருந்தன. வலது முட்டி நடுங்கியது, குளிரில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"அடிபட்டுது அக்கா," என்றாள். வெளியே இருமல் நின்றது, அல்லது நின்ற மாதிரி இருந்தது. "போன சீசன்ல. நார் இழுபட்டுட்டு. கேட்டா இல்லன்னு சொல்லணும்னுதான் வந்தேன்."

"எந்தக் காலு?"

"இதுல பாத்துச் சொல்லுங்க."

ஜெர்லின் அக்கா திரையில் கடைசியாக ஓடிய கோடுகளைப் பெரிதாக்கினாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சுடிதார் நுனியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "முதல்ல குதிச்சதுல பச்சப்பிள்ளைக்கும் தெரியும்," என்றாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கினாள். "இதுல தெரியலியே."

பிறகு ஜெர்லின் அக்கா, "சொன்னது நல்லது. நான் ரெண்டையும் எழுதுவேன், தெரிஞ்சதையும் தெரியாததையும். எடுக்கதும் எடுக்காததும் என் கையில இல்ல மக்களே," என்றாள். சரி என்றாள் இசக்கி. கையில் இல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன, அதில் இது ஒன்று. கால் ஒன்றுதான் இப்போதைக்கு அவள் வசம் இருந்தது, அதுவும் நடுங்கிக்கொண்டு. மேடையின் ஓரத்துக்கு வந்தாள். ஒரு படி உயரம்தான். வலது கால் பழக்கத்தில் முன்னால் போகப் பார்த்தது. அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள். நீ நில், நீ தாங்கு. வலது முட்டி மடங்கியது, மடங்க மடங்கத் தாங்கியது, இடது கால் மெதுவாகத் தரையைத் தொட்டது.

சந்தனமாரி நாற்காலியிலிருந்து கத்தினாள். கத்தின குரல் உடைந்திருந்தது, ஆனால் விடவில்லை. "ஏட்டி, எடது கால வச்சா எறங்குத? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல, வெளங்குமா?"

"இனிமே பந்த உயரமாப் போடு," என்றாள் இசக்கி.